பன்னிரண்டாவது கதவு

அரவேணுவுக்கு மேலே மூன்றாவது கொண்டை ஊசியில்
தேயிலைக்கு நடுவே நிற்கிறது
இத்தாலி.

ஜெனோவாவில் கடனில் மூழ்கிய ஒரு பிரபுவிடம்
படங்களை மொத்த விலைக்கு வாங்கிய செம்பனூர் ஜமீன்
அவற்றை மாட்ட அதே மாதிரி ஒரு மாளிகையும் கேட்டாராம்.
பிழிந்த வேட்டி போல முறுக்கிய தூண்கள்,
வயிறு தள்ளிய பால்கனி,
சங்கு, திராட்சை, கன்னம் உப்பிய குழந்தைகள்.
நேராக ஒரு கோடு போடத் தெரியாத வீடு.

நான் கோர்ட் அனுப்பிய கமிஷனர்.
பாகப்பிரிவினை வழக்கு, பதினாறாவது வருடம்.
எண்ணி, எழுதி, மெயினை அணைத்து,
அரக்கு வைத்துவிட்டு வரச் சொல்லி உத்தரவு.

எண்ணினேன்.
கூடத்து விதானத்தில் வானம்: ஒன்று.
மேகம் எத்தனை என்று அமீனா கேட்டார்.
ஜன்னல் வழியே வந்த மூடுபனி
மேலே போய் அதோடு சேர்ந்துகொண்டதால்
'சில' என்று போட்டேன்.
சிறகுள்ள குழந்தைகள்: பதினேழு.
ஒன்றுக்கு முகம் இல்லை. ஒழுகல்.

மாடிப்படியில், அம்பு தைத்த ஓர் இளைஞன், மார்பு வரை.
சாப்பாட்டு அறையில் அவன் இடுப்பும் காலும்.
வாசலில் நுழையவில்லை என்று
வந்த அன்றே அறுத்துவிட்டார்களாம்.
"வாதிக்குத் தலை, பிரதிவாதிக்குக் கால்" என்றார் அமீனா.
சிரித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் கவனித்தேன்.
ஒவ்வொரு படத்துக்கும் பின்னால்
ஒரு நாற்பது வாட் பல்பு எரிந்துகொண்டிருந்தது.
கறுப்பிலிருந்து எழுந்து வரும் கழுத்து,
வெட்டிய மாதுளை, கத்தி பிடித்த கை
எல்லாம் தொட்டால் வெதுவெதுப்பு,
காய்ச்சல் விட்ட உடம்பு போல.

"பூஞ்சை புடிக்கும்" என்றாள் மாசி.
"துணி பீரோவுக்குள்ள வைக்கறதில்லையா, அதான்.
இதுக்கு மட்டும் அறுபது வாட். வடக்குச் சுவரு."
சம்பளம் வந்து பதினாலு மாதம்.
இந்தப் பக்கத்து வக்கீல் அந்தப் பக்கத்தைக் காட்டுகிறார்,
அந்தப் பக்கத்தார் கனடாவில் இருக்கிறார்.
கரண்ட் பில்லை அவள்தான் கட்டுகிறாள்,
பச்சை இலை போட்ட காசில்.
ஏன் என்று கேட்டேன்.
"ஒரே மழைக்காலத்துல மூஞ்சி போயிரும்.
போனா பழி யாரு மேல வரும்?"

பிறகு அவள் கேட்டாள்:
"பூட்டிட்டா பல்பு?"
என் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

வரைபடப்படி கதவு பன்னிரண்டு.
பதினொன்றுக்கு வைத்தாயிற்று.
மிச்சம் சமையல்கட்டின் பின்கதவு.
அதன் வெளியே ஈரம் காயாத அவள் செருப்பு.

கூடத்தின் கோடியில் இன்னொரு கதவு,
பாதி திறந்து.
அதற்கு அப்பால் பாய்மரங்கள், உப்பு வெயில்,
கயிறு சுற்றும் ஒரு பையன்.
வந்ததும் அமீனா அதன் கைப்பிடியைத்தான் பிடித்தார்,
விரல் சுண்ணாம்பில் வழுக்கியது.
சுவருக்கு அந்தப் பக்கம் கடல் ஏது?
காட்டெருமை மேயும் சரிவுதான்.

அதன் முன்னால் போய் நின்றேன்.
மெழுகுவர்த்தியில் அரக்கைக் காட்டினேன்.
வரைந்த கதவும் வரைந்த நிலையும் சேரும் இடத்தில்
சிவப்பாக ஒரு சொட்டு விழுந்து,
கொஞ்சம் வழிந்து, நின்றது.
அமீனா என்னைப் பார்த்தார்.
மழையைப் பார்த்தார்.
பிறகு முத்திரைக் கட்டையை நீட்டினார்.

அறிக்கையில் ஒரு சொல் பொய் இல்லை.
'பன்னிரண்டு கதவுகளில் முத்திரை வைக்கப்பட்டது.'
கதவு என்றுதான் எழுதினேன்.
திறக்குமா என்று எந்தத் தரப்பும் கேட்கவில்லை.

மெயினை நானே அணைத்தேன்.
நேரமும் குறித்திருக்கிறேன்: மாலை 5.40.
படங்கள் ஒவ்வொன்றாக ஆறுவது கேட்கிற மாதிரி இருந்தது.

ஜீப் வளைவில் திரும்பும்போது ஆறு மணி இருக்கும்.
மாளிகைப் பக்கம் நான் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால்
எழுத வேண்டியிருக்கும்.