பின்னிருக்கை

வீட்டை விற்றுப் பாதி பாதி.
கார் அவனுக்கு, நாய் எனக்கு.
நாய் போன டிசம்பரில் செத்தது.
இரட்டைச் சைக்கிளை என்ன செய்வதென்று
இரண்டு வக்கீல்களுக்கும் தெரியவில்லை.
அறுத்தால் இரண்டு இரும்புத் துண்டு, அவ்வளவுதான்.
அதனால் ஆண்டுக்கு ஒருமுறை
ஹெதர் பூக்கும் ஆகஸ்டில்
ஒரு ஞாயிறு.

ஹட்டன்-லி-ஹோலில் சந்திப்பு.
ஊர்ப் புல்வெளியில் ஆடுகள்
பட்டா வாங்கியவை போல் படுத்திருக்கின்றன.
கார்த் டயரை அமுக்கிப் பார்க்கிறான்,
என்னைப் பார்ப்பதற்கு முன்.
"இளைச்சிட்டே, அவெரில்."
"நீ இளைக்கல."
ஏறினோம்.

முன்னால் இருப்பவனிடம் பிரேக், கியர், பாதை.
பின்னால் இருப்பவளிடம் கால்கள்.
பத்தொன்பது வருஷம் நான் பார்த்த யார்க்‌ஷயர்
ஒரு மஞ்சள் சட்டையின் முதுகு;
அதன் இரு ஓரத்திலும் கொஞ்சம் ஊதா.
குழி வந்தால் "குழி" என்பான்.
பல நேரம், வந்த பிறகு.

பிளேக்கி முகட்டில் மரம் கிடையாது.
காற்றுக்கு எங்களைத் தவிர வேறு வேலையும் கிடையாது.
புதருக்குள்ளிருந்து ஒரு கிரௌஸ்,
கௌதாரிக்கு ஒன்றுவிட்ட தம்பி,
திரும்பிப்போ திரும்பிப்போ என்று கத்துகிறது.
இந்தப் பக்கத்தில் எல்லார் காதிலும்
அது அப்படித்தான் விழும்.
எந்த வருஷத்துக்கு என்று மட்டும் சொல்லாது.

ரால்ஃப் சிலுவை. பாதையோரம் ஒற்றைக் கல்.
கையில் காசில்லாத வழிப்போக்கருக்கென்று
உச்சியில் சில்லறை வைப்பது வழக்கம்.
எட்டவில்லை.
கார்த் இருபது பென்ஸை அடியில் வைத்தான்.
சீஸ் ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம்.
அப்போதுதான் கேட்டேன்:
"நான் முன்னால உட்காரட்டுமா?"

வாயில் இருந்ததை
வெகுநேரம் மென்றான்.
பிறகு பையிலிருந்து சாவியை எடுத்து
முன்னிருக்கையை நாலு விரற்கடை இறக்கினான்,
பின்னதை உயர்த்தினான்.
துருவேறிய திருகைப் பார்த்து
ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
திருகைத்தான்.

ரோஸ்டேலுக்கு இறக்கம்.
அடக் கடவுளே,
இத்தனையும் இங்கேதான் இருந்ததா.
கல்வேலி கல்வேலியாகப் பள்ளத்தாக்கு அவிழ்கிறது,
எதிர்ச்சரிவில் பழைய இரும்புச் சூளைகள்
நெருப்பில்லாமல் வாயைத் திறந்தபடி.
கண்ணில் நீர். காற்றால்.
வளைவு திரும்பினால் நடுச்சாலையில் ஓர் ஆடு,
ஏதோ யோசனையில்.
இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன்.
பின்னாலிருந்து ஓர் ஆளின் முழுக் கனமும்
என் மணிக்கட்டில் வந்து நின்றது.
அவனுக்கு என் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும்.
ஆடு நகர்ந்து, வேலியோரம் போய்,
மறுபடி புல் கடிக்கத் தொடங்கியதும்
"ஆடு" என்றேன்.
பின்னால் சிரிப்பு.
எத்தனை நாள் ஆயிற்று, அதைக் கேட்டு.

சிம்னி மேடு:
மூன்றடி போனால் ஓரடி ஏறும் சாலை.
சங்கிலி பல்லைக் கடித்தது.
"மிதிக்கிறியா?" என்று கத்தினேன்.
ஒவ்வொரு மேட்டிலும் அவன் என்னைக் கேட்டது.
"உசிரு போகுது" என்றது பின்னிருக்கை.
பாதியில் இறங்கித் தள்ளினோம்,
ஆளுக்கொரு பக்கமாய்.
எங்களைக் கடந்து ஏறிய ஒரு சின்னப் பெண்
ஹாண்டில்பாரில் தொங்கிக்கொண்டே
வணக்கம்போல் மூச்சு விட்டாள்.

லாஸ்டிங்ஹாமில் தேவாலயத்துக்கு அடியில்
இன்னொரு தேவாலயம்.
குட்டைத் தூண்கள், கிட்டத்தட்ட ஆயிரம் வருஷக் குளிர்.
காலணியின் இரும்பு ஆணி
படிக்குப் படி டக் டக்கென்றது.
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தோம்.
மேலே யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
வியர்வை முதுகில் காய்ந்துகொண்டிருந்தபோது
தூணைப் பார்த்துச் சொன்னான்:
"பின்னால உட்கார்ந்தா
எங்க போறோம்னே தெரியல."
"ஆமாம்" என்றேன்.
அதற்குமேல் சொல்ல
என்னிடமும் இல்லை, அவனிடமும் இல்லை.

சாயங்காலம். அதே ஆடுகள், அதே புல்.
முறைப்படி இந்த வருஷம்
சைக்கிள் அவன் கொட்டகைக்குப் போகவேண்டும்.
காரின் கூரையில் ஏற்றுமுன்
சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.
"இருக்கையை மாத்திடவா?"

வேண்டாம் என்றேன்.
அடுத்த ஆகஸ்ட் வரை
அப்படியே இருக்கட்டும்.