ஏழாம் எண் அங்கி

வாரிக்கொண்டே கேளுங்கள், ஒகுயாமா.
ஏப்ரலில் உங்கள் மகனும் அந்தப் பள்ளிக்குத்தானாமே.
பெற்றோர் கவனத்துக்கு என்று பதினாறு பக்கம் தருவார்கள்.
ஒரே மூச்சில் படித்துவிடாதீர்கள்.
நான் படித்தேன்,
விடிகாலை மூன்று மணிக்கு, ஷின்ஜோ ரயில் நிலையத்துக்கு எதிரே,
பனி வாரும் வண்டியின் உள்விளக்கில்.
அன்று ஒரு தெருவையே வாராமல் விட்டுவிட்டேன்.

முதலில் பெயர்.
எல்லாப் பொருளிலும் பெயர் எழுதவும் என்றிருந்தால்
எல்லாவற்றிலும்தான்.
குடை, தொப்பி, உள்ளே போடும் காலணி வரைக்கும் சரி.
கணக்குப் பெட்டி என்று ஒன்று வரும்.
எண்ணும் குச்சி இருபது,
சுண்டுவிரல் நகமளவு வண்ண வில்லை முப்பது.
ஒவ்வொன்றிலும்.
தொகாஷி மியோரி, ஆறெழுத்து.
இருபத்தேழாவது வில்லையில்
அந்தப் பெயர் எனக்கு யாரோவாகிவிட்டது.
யார் இந்த மியோரி,
எதற்கு இவளுக்கு இத்தனை சொத்து?
கதவுக்கு அந்தப் பக்கம்
வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

பென்சில் 2பி.
மணக்கும் அழிப்பான் கூடாது.
வாங்கிக் கொடுத்துவிட்டு
சுகவாரா ஆசிரியை முன்னால் தலைகுனிந்து நின்றவன் சொல்கிறேன்:
ஸ்ட்ராபெர்ரி மணம் கூடவே கூடாது.
கடித்துப் பார்க்கிறார்களாம்.

காலை ஏழு இருபதுக்குத் தபால்பெட்டி அருகே கூடுவார்கள்.
ஆறாம் வகுப்புப் பையன் மஞ்சள் கொடியோடு முன்னால்.
நாம் கூடப் போகக் கூடாது.
முதல் வருடம், ஜனவரியில் ஒருநாள்,
அந்தப் பாதையில் பனி அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு
வரிசைக்குப் பின்னாலேயே வாரிக்கொண்டு போனேன்.
ஆரஞ்சு விளக்கு சுழன்று சுழன்று
அவள் புத்தகப் பையில் விழுந்தது.
திரும்பிப் பார்க்கவேயில்லை.
காது மட்டும் சிவந்திருந்தது.
குளிராகவும் இருக்கலாம்.

மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளே பரிமாறுவார்கள்.
அதற்கு வெள்ளை அங்கி.
நம்முடையதல்ல, வகுப்பினுடையது.
முறை வந்த பிள்ளை வெள்ளியன்று கொண்டுவரும்;
துவைத்து, இஸ்திரி போட்டு, திங்களன்று அனுப்ப வேண்டும்.
பழுது இருந்தால் சரிசெய்யவும் என்று
மிகச் சின்ன எழுத்தில் இருக்கும்.
மியோரிக்கு வந்தது ஏழாம் எண்.
கழுத்துப் பட்டையில் பச்சை நூல் தையல், யாரோ அவசரத்தில் போட்டது.
சட்டைப்பையில் வேறொருவர் போட்ட ஒட்டு,
அது மட்டும் கடையில் கொடுத்தது போல நேர்த்தி.
இரண்டாம் பொத்தான் இல்லை.
ஞாயிறு ராத்திரி பதினொன்று.
வீட்டில் நூலும் இல்லை.
தூண்டில் நரம்பால் தைத்தேன், ஒகுயாமா.
ட்ரவுட் மீன் இழுத்தாலும் அறாது.
முதல் வகுப்பு அறையிலேயே இருக்கிறது அந்த அங்கி.
என்றாவது ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரும்.
குழம்புக் கறைக்கு வெந்நீர் ஊற்றாதீர்கள்,
மஞ்சள் பிடித்துக்கொள்ளும்.

காலையில் உடல்சூட்டைக் குறித்து முத்திரை வைக்க வேண்டும்.
முப்பத்தேழரையைத் தாண்டினால் பள்ளியிலிருந்து அழைப்பார்கள்.
போன பிப்ரவரியில் அழைத்தார்கள்.
நான் மலைப்பாதையில், எனக்குப் பின்னால் பதினோரு லாரிகள்;
அந்த வண்டியைத் திருப்ப இடமில்லை.
சினாத்சு வார நாட்களில் செந்தாய் மருத்துவமனையில்.
இரண்டே கால் மணி நேரம்
நர்ஸ் அறைக் கட்டிலில்
காலணியைக் கழற்றாமல் காத்திருந்தாளாம்.
ஏன் என்று கேட்டேன்.
கூப்பிட்டதும் கிளம்பத்தான் என்றாள்.

அவசரத் தொடர்பு அட்டையை ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாய் நிரப்ப வேண்டும்.
முதல் வரி தந்தை, இரண்டாவது தாய்.
மூன்றாவதில் போன வருடம் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.

நீங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறீர்கள் இல்லையா...
இல்லை, சும்மா கேட்டேன்.
என் எண்ணை நீங்களும் எழுதிக்கொள்ளலாம்.
பனி இல்லாத மாதங்களில் நான் சீக்கிரம் வந்துவிடுவேன்.

மண்வெட்டியைச் சாய்த்து வையுங்கள் ஒரு நிமிடம்.
அட்டை இதோ, சட்டைக்குள்தான் இருக்கிறது.
பேனா இருக்கிறதா?
பென்சிலில் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.