சிவப்புக் குண்டூசி

வரைபடத்தில் சுனில்டா பர்ரியாவின் பஞ்சர் கடை
மகெல்லன் நீரிணைக்குள் இருந்தது.
கரையிலிருந்து நானூறு மீட்டர் உள்ளே,
கறுப்பு வெள்ளை ஓங்கில்கள் துள்ளுகிற இடத்தில்
ஒரு சிவப்புக் குண்டூசி
நனையாமல் நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்குக் காற்று நூறைத் தாண்டியதால்
படகு ஓடவில்லை.
சீட்டுக் கிழிக்கிற எனக்கு வேலையில்லை.
சக்கரம் கழற்றுகிற அவளுக்கும் இல்லை.
"யெர்கோ, உன் போனை எடு.
என் கடையைக் கரையேற்று" என்றாள்,
டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து
மாத்தே உறிஞ்சியபடி.

குண்டூசியை விரலால் இழுத்தேன்.
தண்ணீர், தண்ணீர், பாசி,
சாலை, தகரக் கூரை. விட்டேன்.
"இன்னும் கொஞ்சம் இடது.
அது நாய்க் கொட்டில்."

திறந்திருக்கும் நேரம் என்று ஒரு கட்டம் கேட்டது.
"படகு வந்தால் திறப்பேன் என்று எழுது."
எண்ணைத்தான் ஏற்கும் என்றேன்.
"அப்படியானால் இருபத்து நாலு மணியும் போடு,
தூங்கினாலும் எழுப்பலாம்.
ஞாயிறு காலை மட்டும் வேண்டாம்,
தலைக்குச் சாயம் பூசுவேன்."

இருந்த ஒரே படத்தில்
யாருடைய கட்டைவிரலோ, பாதி ஆடு.
புதிதாக எடுக்க வெளியே போனோம்.
நான் அமுக்கிய நொடியில்
அவள் கம்பளித் தொப்பி பறந்தது.
படத்தில் அவள் அதைத் துரத்துகிறாள்,
பின்னால் பெயர்ப் பலகை
ஒரு எழுத்துக்கூட மறையாமல்.
"பலகை தெரிகிறதல்லவா, ஏற்று."

விமர்சனம் ஒன்றே ஒன்று. ஒற்றை நட்சத்திரம்.
'இரவு பதினொரு மணி. இரண்டு டயரும் போச்சு.
காட்டிய வழியே நடந்தோம்.
கடல் வந்தது.'
இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள்.
"ஆள் பொய் சொல்லவில்லையே.
பதில் எழுது:
கடை இப்போது தரையில் இருக்கிறது.
அந்த இரண்டு டயருக்கும் கூலி வேண்டாம்,
எந்த வருஷம் வந்தாலும்."

சண்டை அதற்குப் பிறகுதான்.

இந்தப் பாதையில் பாதி வண்டி
எல்லைக்கு அந்தப் பக்கத்தது என்றேன்.
இருட்டில் டயர் கிழிந்து நிற்கிறவன்
விறைத்த விரலால்
'வுல்கனிசாசியோன்' என்றா தட்டுவான்?
தன் வீட்டில் சொல்வதைத் தட்டுவான்:
கோமெரீயா.
அதையும் சேர்.

"முப்பது வருஷமாக இது வுல்கனிசாசியோன்.
நான் சிலேக்காரி.
அவர்கள் சொல் என் பலகையில் ஏறாது."

பலகையில் இல்லை, வரைபடத்தில்தான்.

"நமக்கும் அவர்களுக்கும்
வேறு எதில் சண்டை வந்திருக்கிறது,
வரைபடத்தில்தானே?"

காற்று தகரத்தை அறைந்தது.
கெண்டி காலி.
எழுந்து போனாள், நிரப்பினாள்,
அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள்.
நான் ஒன்றும் பேசவில்லை.

"சின்ன எழுத்தில் போடு."
சின்ன எழுத்துக்கு வழியில்லை.
"அப்படியானால் கடைசியில் போடு."

கடைசியில் போட்டேன்.

வியாழக்கிழமை நடந்ததை
மறுநாள் துறைக்கு வந்து அவளே சொன்னாள்.
இரவு இரண்டு மணிக்கு நாய் குரைத்ததாம்.
ரியோ காயேகோஸ் எண் போட்ட வண்டி,
பின்சக்கரம் நார்நாராக.
ஓட்டி வந்தவள் ஒல்லியான ஒரு பெண்,
பின்சீட்டில் தூங்குகிற இரண்டு பிள்ளைகள்,
ஒரு மீன்தொட்டி, அதில் மீன்.
"எப்படி வந்தாய்?" என்று கேட்டாளாம்.
அந்தப் பெண் போனை நீட்டினாளாம்.

ஜாக்கியைக்கூடக் கீழே வைக்காமல்
டார்ச் வெளிச்சத்தில்
சுனில்டா அந்தச் சொல்லை
எழுத்து எழுத்தாகப் படித்திருக்கிறாள்.

"ஈக்கு மேலே கீற்றை விட்டுவிட்டாய்," என்றாள் என்னிடம்,
சீட்டுக் கூண்டின் கண்ணாடியைத் தட்டி.
"இன்றைக்கே திருத்து.
அவர்கள் சொல்தான்,
என் கடைக்கு மேலே நிற்கிறதே இப்போது."