தினத்தாளின் மேல் ஒரு பை

மூக்கையூர்க் காற்றை வெளியே நிறுத்திக்
கதவைச் சாத்தினேன், விசிறியை அணைத்தேன்.
குடம் பதினைந்து ரூபாய்த் தண்ணீரில்
முழங்கை வரை சோப்பு.
நண்டு கிழித்த விரலிடுக்கு எரிந்தது.

ஜெசிந்தாவுக்கு அண்ணன் கொடுத்த சிறுநீரகம்
ஆறு வருடத்தில் அவிந்தது.
அதற்காக விழுங்கிய மாத்திரைகள் இன்னும் நிற்கவில்லை;
உடம்பின் காவலாட்களை
ஒவ்வொருவராய் அனுப்பிவிட்டன.

வயிற்றுக் குழாயின் மூடி திறந்து
புதுப் பை மாட்டும் வரை
முகக்கவசத்துக்குள்ளும் நான் மூச்சு விடுவதில்லை.
அவளும்தான்.

வடிந்த பையை நேற்றைய தினத்தாளின் மேல் வைத்தேன்.
எழுத்து தெரிந்தால் இன்றைக்குப் பிழைத்தோம்;
கலங்கினால் மதுரைக்கு வண்டி.

'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்'
கடைசி எழுத்தின் மேல் புள்ளியைக் காணோம்.
"என்ன பார்க்குற?" என்றாள்.
பையைத் தூக்கினேன்.
தாளிலேயே இல்லை.