வருகையாளருக்கான குறிப்புகள்

பதினொரு பக்கம்.
பக்கத்துக்கு இருபது ரூபா.
நோர்வூட் கொமினிகேஷன்ல தினுஷன்
மெஷினை ஒரு தட்டு தட்டி எடுத்துத் தந்தான்.
ஒவ்வொரு பக்கத் தலையிலயும்
கோபுரம் வெச்ச ஒரு கட்டடம்,
மை தீர்ந்துபோய், சாம்பல் நிறத்துல.

"வியன்னாவுக்கு உங்களை அன்போட வரவேற்கிறோம்"னு
தமிழாக்கி வாசிச்சான்.
வெளியே மழை.
படங்கைக்கூட அவுக்காம வந்திருந்தேன்.

விமான நிலையத்துலேர்ந்து ஏழாம் நம்பர் ரயில்.
ஏறுறதுக்கு முன்னுக்கே டிக்கெட்டுல முத்திரை குத்திக்கணும்.
நகரும் படிக்கட்டுல வலப்பக்கம் நிக்கணும்,
இடப்பக்கம் அவசரக்காரங்களுக்கு.
பிளக்குக்கு உருண்டையா ரெண்டு கால்.
குழாய்த் தண்ணியைத் தைரியமாக் குடிக்கலாம்,
தூரத்து மலையிலேர்ந்து வருது.

எங்க மலைத் தண்ணி
காசல்ரீயில தேங்கி, கரண்டாகி
கொழும்புக்குப் போகுது.
லயத்துப் பீலிக்குக் காலையில ஒரு மணித்தியாலம்.

பொதி இருபத்துமூணு கிலோ.
அதுக்கு மேல போனா தண்டம்.
கேட்டதும் சிரிப்பு வந்திருச்சு.
இருபது கிலோவுக்குக் குறைஞ்சா
எனக்கு அரைப் பேர்.
கூடினா தண்டம் கேக்கிற தராசை
இன்னும் நான் பார்த்ததில்ல.

ஏழாம் பக்கம்:
மண்டபத்துக்குள்ள எந்நேரமும்
பேர் அட்டை கழுத்துல தொங்கணும்.
முழுப் பேர். பெரிய எழுத்துல.
தினுஷன் அடுத்த வரிக்குப் போயிட்டான்.
"நில்லு தம்பி. முழுப் பேரா?"
"ஆமாக்கா. முழுப் பேர்."
"நிறுக்காமலேயா?"

அப்புறம் விசாப் படிவம்.
நிரந்தர வதிவிட முகவரி, ரெண்டு வரிக் கட்டம்.
சொல்லிக்கிட்டே போனேன்:
ஹட்டன்ல பொகவந்தலாவை பஸ்,
கருங்கல் தோட்டம்னு கொண்டக்டர்கிட்ட
ஏறும்போதே சொல்லி வைக்கணும்,
இல்லாட்டி நிப்பாட்டமாட்டான்.
மாதா சுரூபத்து வளைவுல இறங்கி
பழைய ஸ்டோர் பக்கத்தால குறுக்குப் பாதை.
மழைன்னா கால்ல சவுக்காரம் தேய்ச்சுக்கணும்,
அட்டை ஏறும், பேரில்லாத அட்டை.
கோயில்லேர்ந்து மூணாவது லயம்.
நீலத் தகரக் கதவு.
நாய் கடிக்காது, குரைக்கும்.

தினுஷன் விரலைத் தூக்கிக்கிட்டே உக்காந்திருந்தான்.
"இவ்வளவும் கொள்ளாதுக்கா.
கடுதாசி வந்தா எங்க வரும்?"
ஆபீஸுக்கு.
தொரை மேசையில ரெண்டு நாள் கிடந்து
கணக்கப்பிள்ளை கையால எனக்கு வரும்.
இந்த அழைப்பும் அப்படித்தான் வந்திச்சு,
உறையோட மேலோரம் கிழிஞ்சு.
மே/பா தோட்ட அத்தியட்சகர்னு அடிச்சான்.
கட்டத்துல இடம் மிச்சம் இருந்திச்சு.

திரும்பி வருவீங்கங்கிறதுக்கு அத்தாட்சி:
காணி உறுதி, வீட்டு உறுதி, வங்கிக் கணக்கு.
காணி இல்ல. காம்பரா கம்பெனியோடது.
பிஸ்கட் டின்ல இருக்கு
இருபத்தாறு வருஷச் சம்பளத் துண்டு.
அந்த இருபத்தாறு வருஷமும்
நான் எங்கேயும் போகலங்கிறதைவிட
வேற என்ன அத்தாட்சி?

லீவு கேட்டப்ப கங்காணி கேட்டாரு,
"வியன்னாவா? அது எந்த டிவிஷன்?"

பேச எனக்கு ஏழு நிமிஷம்.
ஆறாவதுல மஞ்சள் வெளிச்சம்,
ஏழுல சிவப்பு.
விசாவுக்குப் பதில் இன்னும் வரல்ல.
பன்னிரண்டாம் நம்பர் மலையில நிரை பிடிச்சு
வாய்க்குள்ளேயே பேசிப் பழகுறேன்.
கையில மணிக்கூடு இல்ல.
ஏழு நிமிஷம்னா எனக்கு
முந்நூறு கிராம் கொழுந்து, ஈரம் கழிச்சு.

நேத்து மூணாவது செடியிலேயே
சொல்ல வேண்டியது முடிஞ்சிருச்சு.
இன்னைக்கு நிரை முடிஞ்சு,
கூடையைக் கொட்டி நிறுத்து,
மலையிறங்கி பஸ் றோட்டுக்கு வந்த பிறகும்
முடியல்ல.