வாயைத் திற, தேசப்பா

என் மருந்து நாக்குக்கு அடியில் கிடக்கும்.
பத்து நிமிஷம் பேசக்கூடாது, விழுங்கினால் வீண்.
தறிக்காரனுக்கு இதுவா கஷ்டம்?
நாற்பது விசைத்தறி ஒன்றாய் அறையும் ஷெட்டில்
இருபத்திரண்டு வருஷம் கையால்தான் பேசினோம்.
நூல் அறுந்ததென்றால் இரண்டு விரல்.
முதலாளி வருகிறாரென்றால் மீசை.
ஊசி இருக்கிறதா என்றால்
முழங்கை மடிப்பில் ஒரு சொறி.

அவனுடையது குடிக்கிற மருந்து.
சின்ன கப்பில் சிரப்.
கப்பைக் கழுவி அந்தத் தண்ணீரையும் குடிக்கவேண்டும்.
பிறகு எப்சிபா சிஸ்டர்
"வாயைத் திற, தேசப்பா. ஏதாவது பேசு" என்பார்.
வாயில் அடக்கிக்கொண்டு போய்
வெளியே துப்பி விற்றவன் ஒருத்தன் இருந்தானாம்.
தேசப்பன் மகள் பெயரைச் சொல்வான். லிகிதா.
தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாக.

முதலில் அவனுக்கும் மாத்திரைதான் கொடுத்தார்கள்.
"உடம்பு நடுங்க ஆரம்பிச்ச பிறகுதான் இதைப் போடணும்.
கடைசி ஊசி எப்போ?"
"நேத்து மத்தியானம்" என்றான்.
பொய். அன்று காலை ஆறு மணி,
புத்தூர் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறை.
மாத்திரை பொய்யைக் கண்டுபிடித்துவிட்டது.
உள்ளே உட்கார்ந்திருந்ததைச் சட்டையைப் பிடித்துத் தள்ளி
அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தது.
அவனைப் பிடிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

"உன்னுது ஜட்ஜ் மாதிரிடா.
என்னுது சாராயக்கடைக்காரன்,
எந்த நிலைமையில போனாலும் உட்காருன்னு சொல்லும்."
ஆனால் அந்தக் கடைக்காரன் கணக்கில் கறார்.
கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் ஏற்றுவான்,
இதயத்துக்குப் படம் எடுக்கச் சொல்வான்,
மேலே ஒரு கட்டிங் போட்டால்
மூச்சு தன் வேலையை மறந்துவிடும்.
என் மாத்திரைக்குக் கூரை உண்டு,
ஒரு உயரத்துக்கு மேல் ஏறாது.
அதனால் எனக்கு மூன்று நாளுக்கு வீட்டுக்குத் தருகிறார்கள்.
அவன் தினமும் வரவேண்டும்.

கதவையே பூட்டிவிடுகிற மருந்தும் இருக்கிறதாம்.
அதற்குப் பத்து நாள் சுத்தமாக இருந்துவிட்டு வரணுமாம்.
"பத்து நாள் முடிஞ்சா இங்க ஏன் வரேன்?"
சிஸ்டரும் சிரித்துவிட்டார்.

பந்த் அன்றைக்கு பஸ் இல்லை.
ஏகாம்பரகுப்பத்திலிருந்து என் எக்ஸ்எல்லில் பின்னால் உட்கார்ந்தான்.
கொட்டாவி, மூக்கில் தண்ணீர்.
அவன் முழங்கால் நடுக்கமும் வண்டி நடுக்கமும்
எது எதுவென்று தெரியவில்லை.
பொன்பாடி செக்போஸ்ட்டில் கயிறு கட்டியிருந்தார்கள்.
"ஒண்ணு கொடுடா. பையில மூணு இருக்கே."

பீடி கொடுத்திருக்கிறேன்.
ஒரே ஊசியைப் பாதிப் பாதியாய்ப் போட்டிருக்கிறோம்,
அதில் வந்த ஈரல் நோயிலும் ஆளுக்குப் பாதி.
இந்த வெள்ளைப் பொட்டை மட்டும் தர முடியாது.
நேற்றைய சிரப் இன்னும் அவனுக்குள் உட்கார்ந்திருக்கிறது.
இது போய் அதன் சட்டையைப் பிடிக்கும்.
சொல்ல வாய் வரவில்லை.
ஷெட்டில் 'இல்லை'க்கு ஒரு ஜாடை உண்டு, காட்டினேன்.
"பிசினாரி" என்றான்.
எல்லைக்கு இரண்டு பக்கமும் செல்லுபடியாகிற வசவு.

போலீஸ்காரர் என் பையிலிருந்து அட்டையை எடுத்தார்.
"என்னய்யா இது?"
தலைவலிக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
சட்டைக் கையைச் சுருட்டி முழங்கை மடிப்பைக் காட்டினேன்.
அவர் அட்டையைப் பைக்குள் திரும்ப வைத்தார்.
கயிறு இறங்கியது.

எட்டே முக்காலுக்குத் திருத்தணி.
என்னுடையதை நானும் அந்த பெஞ்சிலேயே போட்டுக்கொண்டேன்.
கப். கழுவின தண்ணீர்.
"வாயைத் திற, தேசப்பா. பேசு."
லிகிதா என்பான் என்று பார்த்தேன்.
"இந்தப் பிசினாரிக்குப் பெட்ரோல் காசு
அறுபது ரூபா தரணும் சிஸ்டர்."

நான் நான்கு விரலைக் காட்டினேன்.
நாற்பது போதும்.
அவன் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பினான்.
இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது.