நிகழ்ச்சியின் நோக்கம்

மண்டபம் எடுக்க விண்ணப்பம்.
பெயர், முகவரி, கதிரை எத்தனை,
ஒலிபெருக்கி வேண்டுமா,
எல்லாம் நிரப்பிவிட்டேன்.
ஏழாவது கட்டம்: நிகழ்ச்சியின் நோக்கம்.
இரண்டு விரல் அகலத்தில் ஒரு வெள்ளை.
காற்றுக்குப் பயந்து கட்டிப்போட்ட
மூதூர் வள்ளம் போலப் பேனை நிற்கிறது.

போன வருடம் "கலாசாரம்" என்று எழுதினேன்.
பொய் இல்லை.
அரிசிப் பையில் "உணவு" என்று எழுதுவது மாதிரி.

கூத்து பழசு. எத்தனை பழசென்று
திருகோணமலையில் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.
ஏட்டில் பாதியைப் பூச்சி தின்றுவிட்டது,
மிச்சத்தில் பாதி எங்களுக்கு விளங்காது.
விளங்குவது இவ்வளவுதான்:
தோற்றுப்போன அரசன் இரவில் ஆற்றங்கரைக்கு வருகிறான்.
தோணிக்காரன் கூலி கேட்கிறான்.
முடியைக் கழற்றி நீட்டினால்
"இதில் கஞ்சியா காய்ச்சுவது" என்கிறான்.
சனம் சிரிக்கும்.
ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்,
முதல் தடவை கேட்பது போல.
பிறகு அவன்
துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சொல்வான்:
"பேரைச் சொல். ஏற்றுகிறேன்."

நேசதுரைக்கு அரசன் வேஷம். பகலில் ஓட்டோ.
மலை வென்றவன், மாற்றார் குடை கவிழ்த்தவன் என்று
பன்னிரண்டு அடி விருதும் மூச்சு விடாமல் பாடுவான்.
விருது ஒன்றும் இல்லாமல்
வெறும் பேரை மட்டும் சொல்லடா என்றால்
தொண்டை அடைத்துவிடும்.
அந்த ஒரு சொல்லுக்காக
நாற்பது இரவு
கச்சான் கோதுகளுக்கு நடுவே காத்திருந்தோம்.

நான் ஜெட்டியில் டிக்கெட் கிழிப்பவள்.
இப்போது அங்கே பேர் கேட்பதில்லை,
பொதி எத்தனை என்றுதான் கேட்கிறோம்.
கேட்ட காலம் ஒன்று இருந்தது.
வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நின்று
என் பேரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்,
முறை வரும்போது மறந்துவிடக் கூடாதென்று.
அம்மாவின் கை வியர்வையில்
அடையாள அட்டையின் மூலை சுருண்டிருந்தது.

ஏட்டை எழுதியவனுக்கு
இந்த ஜெட்டியைத் தெரியாது. அட்டையைத் தெரியாது.
வரிசையை மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது.

அன்றிரவு நேசதுரை சொன்னான்.
மெதுவாக, கடன் கேட்பவன் போல.
விளக்கைக் குறைக்க வேண்டிய நஸ்லிம்
குறைக்க மறந்து பார்த்துக்கொண்டு நின்றான்.
அரிதாரம் கழுத்துக்கு வழிய
வெளிச்சத்தில் அப்படியே அகப்பட்டுக்கொண்டது
ஒரு மனிதனின் முகம்.
நடுவரிசையில் யாரோ
தங்கள் பேரைத் தாங்களே சொன்னது போல் கேட்டது.
காற்றாடிச் சத்தமாகவும் இருக்கலாம்.

காவலாளி விமலசேனவுக்குத் தமிழில்
வா, போ, எவ்வளவு, பேர்: நாலு சொல்.
வாசலில் நின்றே முழுக் கூத்தும் பார்த்தவர்,
கடைசிக் கட்டத்தில்
கோட்டைப் பக்கத்து மான்கள் உள்ளே நுழைந்து
தோரணத்துக் கடதாசியை மெல்லத் தொடங்கவும்
தடியோடு ஓடினார்.
திரும்பி வந்தபோது திரை விழுந்திருந்தது.

மறுநாள் காலை வைப்புப்பணம் வாங்கப் போனேன்.
விளக்குமாற்றை நிறுத்திவிட்டுக் கேட்டார்,
"மிஸ், அந்த ஆள்... தோணியில போனதா?"
எங்களுக்கும் தெரியாது என்றேன்.
ஏடு அந்த இடத்தோடு முடிகிறது, பூச்சி.
கையால் பூச்சி செய்தும் காட்டினேன்.
நம்பவில்லை.
மான்களால் தான் தவறவிட்ட ஒன்றை
நான் மறைக்கிறேன் என்று நினைத்தார்.
"அடுத்த வருசம் மான் வரட்டும்," என்றார்,
"நான் போ இல்லை."

ஏழாவது கட்டத்தில் எழுதுகிறேன்:
தோணி போனதா என்று பார்க்க.

சபைக் கந்தோர் லிகிதர் இரண்டு தரம் வாசித்தார்.
கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.
முத்திரையை மையில் ஒற்றி
கொஞ்சம் கோணலாகக் குத்தினார்.
"கதிரை உடைந்தால் காசு கழிபடும்," என்றார்.
பிறகு, கோப்பை மூடிக்கொண்டே,
எத்தனை மணிக்குத் தொடக்கம் என்று கேட்டார்.